அபாய காலத்தில் செய்தி அனுப்பும் ஒழுங்கு
(பண்ணைக்கும் சிற்றாலைக்கும் உரிய பாடம்)

ஆட்கள் கூடி வேலை செய்யும் இடம் எதுவாயினும், அங்கு அபாயம் நேர்தல் கூடும். கிணறு தூர் வாருதல், பூச்சி மருந்து தெளித்தல், மின்சார இறைவை இயந்திரம் ஓட்டுதல், நெல் அவித்து அரைத்தல் முதலிய வேலைகளில் ஆண்டுதோறும் உயிர்ச்சேதம் உண்டாகி வருவதை யாவரும் அறிவர். விதையும் எருவும் பருவத்துக்கு முன்பே சேகரித்து வைக்கும் மிராசுதாரர், அபாயம் நேர்ந்தால் யார், யாருக்கு, எவ்வழியில், என்ன சொல்லி அனுப்புவது என்பதை முன்கூட்டி நிச்சயித்து வைப்பது அரிது. இக்காலத்தில் ஒவ்வொருவர் கையிலும் டெலிபோன் இருப்பதால் அதற்கென்று தனி ஏற்பாடு வேண்டுவதில்லை என்று சிலர் கருதுகின்றனர். கருவி இருப்பது வேறு. செய்தி உரிய இடத்துக்கு உரிய நேரத்தில் போய்ச் சேருவது வேறு. இதனை விளக்கும் பொருட்டு, விவசாயத்தோடு தொடர்புடைய ஒரு பெரிய ஆலை விபத்தை முதலில் ஆராய்ந்து, அதன் பின் நம் பண்ணைகளில் செய்யத்தக்க ஏற்பாடுகளைக் கூறுவோம்.

1. போபாலில் நடந்தது

மத்தியப் பிரதேசத்தின் தலைநகரான போபாலில் யூனியன் கார்பைடு கம்பெனியார் கார்பரில் என்னும் பூச்சி மருந்தைச் செய்து வந்தனர். விவசாயிகளிடையே அது செவின் என்ற பெயரால் வழங்கியது. (இந்திய அரசு 2018 ஆம் ஆண்டில் இம்மருந்தைத் தடை செய்துவிட்டது.) அதனைச் செய்வதற்கு மெத்தில் ஐசோசயனேட் என்னும் கொடிய திரவம் பூமிக்கடியில் பெருந்தொட்டிகளில் சேமிக்கப்பட்டிருந்தது. 1984 ஆம் ஆண்டு டிசம்பர் 2 ஆம் தேதி இரவு அத்தொட்டிகளுள் ஒன்றில் தண்ணீர் புகுந்தது. திரவம் கொதித்து ஆவியாகி வெளிப்பட்டது. ஏறத்தாழ 40 டன் நச்சுப்பொருள் நகரத்தின்மீது பரவியது.

செய்தி எவ்வாறு சென்றது என்பதே நமக்கு வேண்டுவது. இரவு பதினொன்றரை மணியளவிலேயே தொழிலாளர்கள் கண்ணெரிச்சல் கண்டு, கசிவு இருப்பதை மேலாளுக்குத் தெரிவித்தனர். தேநீர் இடைவேளைக்குப் பின் அதனைக் கவனிக்கலாம் என்று ஒத்தி வைக்கப்பட்டது. நள்ளிரவுக்குப் பின் 12-50 மணியளவில் அபாயச் சங்கு ஊதிற்று. ஆலைக்கு உள்ளே ஒலிப்பது ஒன்றும் ஊராருக்கென்று ஒலிப்பது ஒன்றுமாக அங்கு இரண்டு சங்குகள் இருந்தன. சிறு கசிவுகளுக்கெல்லாம் ஊரார் கலவரப்படலாகாது என்ற கம்பெனி விதியின்படி, ஊராருக்குரிய சங்கு சிறிது நேரத்திலேயே நிறுத்தப்பட்டது. உட்சங்கு மட்டும் ஒலித்தது. தொழிலாளர்கள் காற்று வரும் திசையை நோக்கி நடந்து தப்பினர். மதிலுக்கு வெளியே உறங்கிக் கொண்டிருந்தவர்களுக்கு அவ்வறிவைத் தருவார் இல்லை. அவர்களிற் பலர் காற்றோடு சேர்ந்தே ஓடி, நச்சை மேலும் உட்கொண்டனர்.

ஒரு மணியளவில், ஆலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தூரத்திலுள்ள சோலா என்னும் பகுதியினர் ஓடி வருவதாக நகரப் போலீஸ் தலைவருக்கு டெலிபோன் வந்தது. 1-25 மணிக்கும் 2-10 மணிக்கும் இடையில் போலீசார் ஆலைக்குப் பலமுறை பேசினர். இரண்டு தடவை, எல்லாம் சரியாகவே இருக்கிறது என்ற விடை வந்தது. கடைசித் தடவை, என்ன நடந்தது என்று தெரியவில்லை என்றனர். ஊராருக்குரிய சங்கு நீண்ட நேரம் ஊதப்பட்டது இரண்டேகால் மணியளவில். அதற்குள் கசிவே நின்றுவிட்டது. அதன் பின்னரே ஆலையைச் சேர்ந்த ஒருவர் போலீஸ் நிலையத்துக்கு நடந்து சென்று செய்தி கூறினார்.

நகரத்துப் பெரிய ஆசுபத்திரியாகிய ஹமீதியாவின் வைத்தியர்களுக்கு, வெளிப்பட்டது அம்மோனியா என்று முதலிலும், பாஸ்ஜீன் என்று பின்னரும் சொல்லப்பட்டது. உண்மைப் பெயர் வந்தபோது அதனை அவர்கள் அதற்குமுன் கேட்டதும் இல்லை. உடனடியாக மாண்டவர் 2,259 பேர் என்பது அரசின் முதற் கணக்கு. பின்னர் மத்தியப் பிரதேச அரசு 3,787 மரணங்களை உறுதி செய்தது. பாதிக்கப்பட்டோர் 5,58,125 பேர் என்று 2006 ஆம் ஆண்டில் அரசு தாக்கல் செய்த பிரமாணப் பத்திரம் கூறுகிறது.

2. குறை எங்கே இருந்தது?

கசிவுக்கான காரணங்கள் பல. அவை தனியே ஆராயத்தக்கவை. செய்தி முறையில் கண்ட குறைகளை மட்டும் இங்குப் பிரித்துப் பார்ப்போம்.

முதலாவது, சங்கு பழுதாகவில்லை. டெலிபோன் கம்பியும் அறுபடவில்லை. போலீசார் பேசிய ஒவ்வொரு தடவையும் மறுமுனையில் ஒருவர் பேசினார். கருவிகள் யாவும் வேலை செய்தன. ஆயினும் உண்மையைச் சொல்லும் அதிகாரமும் கடமையும் இன்னாருக்கு என்று நிர்ணயமாகவில்லை.

இரண்டாவது, கலவரம் உண்டாகும் என்ற அச்சத்தால் எச்சரிக்கை நிறுத்தப்பட்டது. எச்சரிக்கை பெறாத ஜனங்கள் கலவரமின்றி இருந்தார்களா? இல்லை. செய்தி அறியாத கூட்டமே திசை தெரியாது ஓடிற்று.

மூன்றாவது, சங்கொலி கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்பது அக்கம்பக்கத்தாருக்கு முன்னரே கற்பிக்கப்படவில்லை. பொருள் தெரியாத ஒலி வெறும் சத்தமேயாகும்.

நான்காவது, நச்சுப்பொருளின் பெயர் வைத்தியர்களுக்குக் காலத்தில் எட்டவில்லை. பெயர் தெரியாத விஷத்துக்கு வைத்தியம் செய்வது இருட்டில் வழி தேடுவதை ஒக்கும்.

இவ்விபத்துக்குப் பின், 1987 ஆம் ஆண்டில் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. அபாயகரமான பொருள்களைக் கையாளும் ஆலையார், அவற்றின் தன்மையையும், விபத்து நேர்ந்தால் செய்ய வேண்டுவனவற்றையும், தொழிலாளருக்கும் ஸ்தல அதிகாரிகளுக்கும் அக்கம்பக்கத்து ஜனங்களுக்கும் முன்னதாகவே தெரிவிக்க வேண்டும் என்பது அத்திருத்தத்தின் கருத்து. செய்தியை முன்னரே கொடுத்து வைப்பது உபகாரம் அன்று, கடமை என்று சட்டம் அதன் வாயிலாக ஒப்புக்கொண்டது.

3. அதே இரவில் ரயில் நிலையத்தில்

ஆலைக்கு அண்மையிலேயே போபால் ரயில் நிலையம் உள்ளது. அன்றிரவு அங்கு உதவி நிலையத் தலைவராகப் பணியில் இருந்தவர் குலாம் தஸ்தகீர். நச்சுக்காற்று நிலையத்துள் புகுந்ததைக் கண்டதும், பிரயாணிகள் நிறைந்து நின்ற கோரக்பூர் விரைவு வண்டியை உரிய நேரத்துக்கு முன்னரே புறப்படச் செய்தார். பக்கத்து நிலையங்களுக்குச் செய்தி அனுப்பி, போபாலுக்கு வரும் வண்டிகளை நிறுத்தி வைக்கும்படி கூறினார். அது இன்ன வாயு என்று அவருக்குத் தெரியாது. தெரியும் வரையில் அவர் காத்திருக்கவும் இல்லை. நிலையத்தில் பணியாற்றியோர் பலர் அன்றிரவு உயிரிழந்தனர். அவர்களுக்கு அங்கு நினைவுச் சின்னம் உண்டு.

ஒரே நகரம், ஒரே இரவு, ஒரே காற்று. ரயில்வேயில் நிலையத்துக்கு நிலையம் செய்தி சொல்லும் வழி நாள்தோறும் பழக்கத்தில் இருந்தது. இன்ன செய்தியை இன்னார் சொன்னால் இன்னார் கேட்டு நடக்க வேண்டும் என்ற ஒழுங்கும் இருந்தது. ஆகையால் ஒருவர் துணிந்து சொன்னவுடன் அது காரியமாயிற்று.

4. நல்லவாட்டின் ஒலிபெருக்கி

நமக்கு அண்மையில் நடந்த மற்றொன்றும் இங்கே நினைக்கத்தக்கது. புதுச்சேரியைச் சேர்ந்த நல்லவாடு மீனவர் கிராமத்தில், எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் அறிவு மையம் ஒன்றை ஏற்படுத்தியிருந்தனர். கடலின் அலை உயரம், காற்றின் நிலை முதலியன அங்கிருந்து ஒலிபெருக்கி மூலம் ஊராருக்கு அறிவிக்கப்பட்டு வந்தன. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் தேதி காலை, சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் வாலிபர் ஒருவர், சுமத்திராவில் நேர்ந்ததைத் தொலைக்காட்சியில் கண்டு வீட்டுக்கு டெலிபோன் செய்தார். கடல் நீர் ஊருக்குள் வருவதாக வீட்டார் கூறவே, உடனே ஊரை விட்டு வெளியேறுமாறு சொன்னார். ஊரார் மையத்தின் கதவை உடைத்துத் திறந்து, அதே ஒலிபெருக்கியில் எச்சரிக்கை செய்தனர். படகுகளும் வீடுகளும் அழிந்தன. ஆனால் அங்கு வாழ்ந்த மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்களில் ஒருவரும் உயிரிழக்கவில்லை.

நாள்தோறும் வழங்கும் வழியே அபாய நாளிலும் வழங்கும். எனினும் கதவை உடைக்க வேண்டி வந்ததையும் கவனிக்க. அபாயக் கருவி பூட்டுக்குள் இருக்குமாயின், அதன் சாவி எங்கே என்பது பலருக்கும் தெரிந்திருத்தல் வேண்டும்.

5. பண்ணையில் செய்ய வேண்டிய ஏற்பாடுகள்

மேற்கண்டவற்றிலிருந்து பின்வரும் விதிகளைப் பெறலாம். இவற்றுக்குச் செலவு மிகவும் சொற்பம்.

(அ) செய்திக்கு ஒருவர். வேலை தொடங்கும் ஒவ்வொரு நாளும், அபாயம் நேர்ந்தால் செய்தி அனுப்புபவர் இன்னார் என்றும், அவர் இல்லாதபோது இன்னார் என்றும் எல்லோர் காதிலும் படும்படி சொல்ல வேண்டும். மீட்பு வேலையில் இறங்குபவரே செய்தியும் அனுப்புவது என்று வைத்தல் கூடாது. கை ஒன்றில் இருக்கும்போது கருத்து மற்றொன்றில் செல்லாது. முதலாளியின் உத்தரவுக்குக் காத்திராமல் செய்தி அனுப்பலாம் என்ற அனுமதியையும் முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். செய்தி அனுப்பியது வீணாயிற்று என்று எவரையும் பின்னர்க் கடிந்து கொள்ளலாகாது. ஒருமுறை கடிந்தால் மறுமுறை உண்மை அபாயத்திலும் வாய் திறவார்.

(ஆ) வழி இரண்டு. டெலிபோன் ஒன்றையே நம்பலாகாது. பள்ளமான வயலில் அலை எட்டாமல் போகலாம். மழைக்காலத்தில் மின்சாரம் நின்று போகலாம். ஆகவே களத்தில் ஒரு தண்டவாளத் துண்டையோ மணியையோ தொங்கவிட்டு, அடிப்பதற்குரிய கம்பியையும் அதனோடு சேர்த்துக் கட்டி வைக்க வேண்டும். வண்டி ஓட்டத் தெரிந்த ஒருவர் தூதாகச் செல்லவும் ஆயத்தமாக இருத்தல் நன்று.

(இ) ஒலிக்குப் பொருள். விட்டு விட்டு மூன்று மூன்றாக அடித்தால் உதவிக்கு வருக. ஓயாமல் அடித்தால் இடத்தை விட்டு விலகுக என்று இரண்டே பொருள்கள் போதும். இவற்றைக் கூலியாட்கள், சிறுவர், அடுத்த வயற்காரர் யாவரும் அறிந்திருத்தல் வேண்டும். அபாய மணியைச் சாப்பாட்டு வேளைக்கும் கூலி கொடுக்கும் வேளைக்கும் அடிக்கலாகாது.

(ஈ) செய்தியின் வாசகம். பதற்றத்தில் பேசுவோர் முக்கியமானதை விட்டுவிடுவது இயல்பு. ஆகையால் ஐந்தையே வரிசையாகச் சொல்லப் பழக வேண்டும்: எந்த இடம், என்ன நேர்ந்தது, எத்தனை பேர், எதனால் நேர்ந்தது, பேசுபவர் யார். இடத்தை முதலிற் சொல்ல வேண்டும். பேச்சு இடையில் அறுந்து போனாலும் உதவி புறப்பட அதுவே போதும். உதாரணமாக: 'இன்ன ஊர், மேலத்தெருவுக்குத் தெற்கே களத்துமேட்டுக் கிணறு. தூர் வாரியவர் உள்ளே மயங்கிக் கிடக்கிறார். ஒருவர். கிணற்றில் கெட்ட காற்று இருப்பதாகத் தோன்றுகிறது. பேசுவது இன்னார், இந்த நம்பரிலேயே இருப்பேன்.' மறுமுனையில் உள்ளவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லும் வரையில் டெலிபோனை வைத்துவிடலாகாது. வண்டி வரும் சாலை முனையில் ஒருவரை நிறுத்தி வழி காட்டச் செய்தலும் அவசியம்.

(உ) எழுதிய பலகை. வேண்டிய நம்பர்களைக் களத்துக் கொட்டகையிலும் இயந்திர அறையிலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். எல்லா அவசரங்களுக்கும் பொதுவானது 112. ஆம்புலன்ஸ் வண்டிக்கு 108. தீயணைப்பு நிலையத்துக்கு 101. மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. இவற்றோடு மின்சாரப் பிரிவு அலுவலகம், அண்மையிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம், கிராம நிர்வாக அலுவலர் ஆகியோரின் நம்பர்களையும் சேர்க்க.

(ஊ) ஒத்திகையும் முடிவும். விதைப்புக்கு முன் ஒருமுறையும் அறுப்புக்கு முன் ஒருமுறையும் ஏற்பாட்டை நடத்திப் பார்க்க வேண்டும். புதிய ஆட்கள் வந்த அன்றே அவர்களுக்குச் சொல்ல வேண்டும். அபாயம் நீங்கிவிட்டது என்பதை அறிவிப்பவரும் செய்திக்கு உரியவராகவே இருத்தல் வேண்டும். ஆளுக்கொன்று சொன்னால், விலகியவர்கள் காலத்துக்கு முன்னரே திரும்பி வந்து அகப்படுவர்.

6. மூன்று அபாயங்கள்

கிணற்று நச்சுக்காற்று: நெடுநாள் மூடிக் கிடந்த கிணற்றிலும், உள்ளே எண்ணெய் இயந்திரம் ஓட்டப்பட்ட கிணற்றிலும், மூச்சுக்குரிய காற்று குறைந்தோ நஞ்சு கலந்தோ இருக்கும். முதலில் இறங்கியவர் விழ, அவரைத் தூக்க அடுத்தவர் இறங்க, இவ்வாறு ஒருவர் பின் ஒருவராகப் பலர் மடிவது இவ்வகை விபத்தின் கொடுமை. ஆகவே இங்கு முதற் செய்தி மேலே நிற்பவர்களுக்கே உரியது: 'ஒருவரும் இறங்காதீர்.' அதைச் செய்திக்கு உரியவர் உரக்கச் சொல்லித் தடுத்து நிறுத்த வேண்டும். இரண்டாவது செய்தி தீயணைப்பு நிலையத்துக்கு. மூச்சுக் கருவி அவர்களிடமே உண்டு.

மருந்து தெளிப்பு: 2017 ஆம் ஆண்டில் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து தெளித்தோரில் இருபதுக்கு மேற்பட்டவர் மாண்டனர். தலைச்சுற்றல், வாந்தி, பார்வை மங்கல், மிகுந்த வியர்வை முதலியன கண்டவுடன் தெளிப்பை நிறுத்திச் செய்தி அனுப்ப வேண்டும். வேலை முடியட்டும் என்று காத்திருத்தல், போபாலில் தேநீர் வேளை முடியக் காத்திருந்ததை ஒக்கும். மருந்தின் பெயரை டெலிபோனிலேயே எழுத்துக் கூட்டிச் சொல்லி, மேற்சீட்டோடு கூடிய டப்பியையும் நோயாளியுடன் அனுப்புக. மேற்சீட்டில் மருந்தின் வகையும், விஷமுறிவும், சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்னும் நிறங்களால் நச்சின் கடுமையும் குறிக்கப்பட்டிருக்கும். இரண்டு மூன்று மருந்துகளைக் கலந்திருந்தால் அத்தனை டப்பிகளும் செல்ல வேண்டும். பெயரில்லாத பாட்டிலில் மருந்தை மாற்றி வைப்பவர், வைத்தியருக்குப் போக வேண்டிய செய்தியை முன்னதாகவே அழித்து விடுகிறார்.

மின்சாரம்: அறுந்து கிடக்கும் கம்பியைக் கண்டவர், பிறர் நெருங்காதபடி ஒருவரைத் தூரத்தில் காவல் நிறுத்திவிட்டு, மின்சாரப் பிரிவு அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். வயலின் சொந்தக்காரர் பெயரைச் சொல்வதைக் காட்டிலும், மின்மாற்றியின் பெயரையும் கம்பத்தின் எண்ணையும் சொன்னால் மின்சாரத்தை விரைவில் நிறுத்துவர். இவ்விரண்டையும் இன்றே பார்த்து இயந்திர அறைச் சுவரில் எழுதி வைக்கலாம்.

7. கிராம உத்தியோகஸ்தர்களின் கடமை

தம் எல்லையில் உள்ள நெல் ஆலை, பருத்தி ஆலை, செங்கற் சூளை, வெடிமருந்துக் கிடங்கு, மருந்துக்கடை ஆகியவற்றின் ஜாபிதாவும், ஒவ்வோரிடத்திலும் அபாயச் செய்திக்கு உரியவரின் பெயரும் கிராம நிர்வாக அலுவலரிடம் இருத்தல் நன்று. கோயில், மசூதி, மாதாகோயில், பள்ளிக்கூடம் ஆகியவற்றின் ஒலிபெருக்கிகளை அபாய வேளையில் உபயோகிக்க உரியவர்களின் சம்மதத்தை முன்னரே பெற்று, சாவி யாரிடம் உள்ளது என்றும் குறித்துக் கொள்ள வேண்டும். ஒலிபெருக்கி இல்லாத சேரிகளுக்கும் தனித்த குடிசைகளுக்கும் யார் நேரிற் செல்வது என்பதை நிச்சயிக்காவிடில், செய்தி கடைசியாக எட்டுவது அவர்களுக்கே. ஆலை மதிலுக்கு மிக அருகில் குடியிருப்பவரும் பெரும்பாலும் அவர்களே. போபாலில் முதலில் மாண்டவர் ஆலையை ஒட்டிய குடிசைகளில் வாழ்ந்த ஏழைகள் என்பதை மறக்கலாகாது.

பண்ணைக்கு வேலைக்கு வருபவர் தம் உடலுழைப்போடு உயிரையும் நம் பொறுப்பில் வைக்கின்றனர். அவருக்கு அபாயம் நேர்ந்த வேளையில், யாரிடம் சொல்வது என்று தேடி நிற்கும் ஒவ்வொரு நிமிஷமும் அவருடைய ஆயுளிலிருந்து கழிகிறது. பலகையில் நான்கு வரி எழுதுதலும், ஓர் ஆளைப் பெயர் சொல்லி நியமித்தலும், ஒரு மணியைத் தொங்கவிடுதலும் ஒரு நாட்காலையில் முடியும் வேலை. அடுத்த வேலை தொடங்குமுன் அதனைச் செய்து முடித்தல் வேண்டும்.

பயிற்சி வினாக்கள்

1. போபால் ஆலையில் ஊராருக்குரிய சங்கு ஏன் நிறுத்தப்பட்டது? அதனால் விளைந்தது என்ன?
2. ரயில் நிலையத்தின் செய்தி பயன்பட்டதற்கும் ஆலையின் செய்தி பயன்படாததற்கும் காரணங்களை ஒப்பிட்டுக் கூறுக.
3. அபாயச் செய்தியில் இடத்தை முதலிற் சொல்வது ஏன்?
4. உம் பண்ணையில் செய்திக்கு உரியவர் யார்? அவர் இல்லாதபோது யார்?
5. உம் இறைவை இயந்திரத்துக்கு மின்சாரம் தரும் மின்மாற்றியின் பெயர் என்ன? கம்பத்தின் எண் என்ன?